இராஜாங்கத்தின் பெல்ஜியம் பிஸ்டல்

தஞ்சாவூர் கீழவாசலில் ஐயாவு வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்தில் ஒரு காலத்தில் வரிசை நிற்கும். துபாய்க்கும் மலேசியாவுக்கும் போனவர்களின் மனைவிமார் கண்ணாடிக் கூண்டுக்குள் அழுதுவிட்டு, வெளியே வந்து மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்குவார்கள். ஊரில் எல்லார் பையிலும் செல்போன் ஏறிய பிறகு அழுகை அவரவர் வீட்டோடு நின்றுவிட்டது. ஆகவே 2006-ம் வருஷத்தில் பூத்தின் ஒரு பாதி மீரா சாகிப்புக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது.

மீரா சாகிப் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக முப்பது வருஷம் உட்கார்ந்து, பிறர் சொன்ன பொய்களைத் திருத்தமான கையெழுத்தில் எழுதி ஓய்வு பெற்றவர். இப்போது வெளிநாட்டு மாப்பிள்ளைகளை விசாரித்துச் சொல்வது அவர் தொழில். கம்பெனி மேனேஜர் என்று பெண் கேட்டவன் அந்தக் கம்பெனியின் கேட்டைத் திறந்து விடுகிறவனா என்பதை மூன்று நாளில் சொல்லிவிடுவார். ஐயாவு தன்னைத் தானே அவருக்கு உதவியாளராக நியமித்துக்கொண்டவர். சம்பளம் கிடையாது, அபிப்பிராயம் சொல்லும் உரிமை உண்டு.

மே மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி ஷமீரா, காலமான ஜெக்கரியாவின் மகள், அவர் விட்டுப்போன துப்பாக்கிக் கடையை நடத்துகிறவள். கூட வந்த நாற்பது வயதுக்காரர் அந்தக் கடையின் மெக்கானிக் புகழேந்தி.

"மாமா, இவர் ஒரு பேப்பர்ல கையெழுத்து போடணுமாம். மாட்டேங்குறார். அதான் பிரச்சினை," என்றாள் ஷமீரா.

"என்ன பேப்பர்?"

"நான் திருடன்னு," என்றார் புகழேந்தி.

விஷயம் இதுதான். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் உள்ளவர்கள் தங்கள் துப்பாக்கியைப் போலீசிலோ அனுமதி பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மன்னார்குடி பக்கம் கீழப்பெருமங்கலம் மிராசுதார் இராஜாங்கம் தம்முடைய பெல்ஜியம் பிஸ்டலை வழக்கம்போல ஷமீரா கடையில் ஒப்படைத்திருந்தார். போன சனிக்கிழமை திரும்ப வாங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அதை விலைக்கு வாங்க வந்தார். பிஸ்டலின் இடப்பக்கம் அப்பியிருந்த சந்தனத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். அதன் அடியில் இருந்த எழுத்துகளைப் படித்தார். இது சீமைச் சரக்கு இல்லை, அதே மாதிரியில் நம் நாட்டுத் தொழிற்சாலை செய்தது என்று சொல்லி, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

"நம்பர்?" என்று கேட்டார் மீரா சாகிப்.

"லைசென்ஸ்ல உள்ள அதே நம்பர். துப்பாக்கிதான் வேற. அசலை எடுத்துக்கிட்டு, நம்ம நாட்டு பிஸ்டல்ல அந்த நம்பரை அடிச்சு வெச்சுட்டாராம் புகழண்ணன். அன்னிக்கே மிராசுதார் பிஸ்டலைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்து, புகாரும் எழுதிக் குடுத்துட்டார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் வீட்டுக் கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வர்றாராம். அங்க இவர் தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்து, ஊரார் முன்னால மன்னிப்பு கேக்கணும். இல்லேன்னா கேஸ், அப்பவே அரெஸ்ட்."

ஐயாவு நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "உங்களுக்கு நம்பர் அடிக்கத் தெரியுமா?"

"தெரியும். பூத் வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு அடுத்தவங்க பேசுறதை ஒட்டுக் கேக்கத் தெரியும்ல? கேட்டீங்களா?"

ஐயாவு காலண்டரைப் பார்த்தார்.

"எங்கப்பா அவங்க வயல்ல வரப்பு வெட்டினாரு," என்றார் புகழேந்தி, குரலை உயர்த்தாமல். "நான் வெட்டல. தொண்ணூத்தஞ்சுல ஷார்ஜா போயி ஏழு வருஷம் லேத்துல நின்னேன். ரெண்டாயிரத்து ரெண்டுல வந்து இவங்க கடையில சேர்ந்தேன். இப்ப ஊர்ல ஆளாளுக்கு, பெரிய மனுஷன் கேக்குறாரு, ஒரு கையெழுத்துதானேங்குறாங்க. அது என் கையெழுத்து பாய். ஜெயிலுக்கு வேணா போறேன். அதைப் போடமாட்டேன்."

மீரா சாகிப் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

கடையில் ஓர் அரிசி ஆலை முதலாளியின் பிஸ்டல் இன்னும் திரும்ப வாங்கப்படாமல் இருந்தது. அது அசல் பெல்ஜியம்; இராஜாங்கத்தினுடைய அதே மாதிரி. விற்பனைக்கு வந்த உள்நாட்டுப் பிஸ்டல் ஒன்றும் இருந்தது. புகழேந்தி இரண்டையும் பச்சைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஐயாவு குனிந்து பார்த்தார். இரட்டைப் பிள்ளைகளில் மூத்தது எது என்று கேட்டால் விழிப்பதுபோல விழித்தார்.

"அச்சு ஒண்ணு," என்றார் புகழேந்தி. "சீமைச் சாமான்ல மெருகு கொஞ்சம் ஆழமா இருக்கும். மூலைங்க வழவழன்னு இருக்கும். நம்மதுல அரம் போட்ட தடம் அங்கங்க தெரியும். விசை கொஞ்சம் இறுக்கம். கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தா எனக்கே அரை நிமிஷம் ஆகும்."

"சுட்டா?"

"ரெண்டும் சுடும். சீமைக் குண்டு பட்டவன் கூடுதல் மரியாதையா சாக மாட்டான்."

"அப்ப விலை மட்டும் ஏன் பத்து மடங்கு?"

"இறக்குமதி நின்னு இருபது வருஷம் ஆச்சுங்க. உள்ள இருக்கறதுதான் இருக்கு."

தேசம் தன் கதவுகளையெல்லாம் திறந்து வைத்துவிட்டிருந்தது. நீடாமங்கலம் பெட்டிக்கடையில் அந்நிய சோடா கிடைத்தது. திருவாரூரில் கொரியாக் காரும் ஜப்பான் டி.வி.யும் தவணையில் கிடைத்தன. சீமைச் சாமான் வைத்திருப்பதே ஒரு யோக்கியதை என்றிருந்த பெரிய குடும்பங்களுக்கு இதில் பலத்த அடி. பிறர் வாங்க முடியாத சீமைச் சாமான் என்று அவர்களுக்கு மிஞ்சியது கைத்துப்பாக்கி ஒன்றுதான்.

"அவரோடதை ஒப்படைக்கும்போது நீங்க எழுத்தைப் பாக்கலையா?" என்று கேட்டார் மீரா சாகிப்.

"எங்க பாக்குறது? ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம் ரெண்டு பக்கமும் இருக்கும். இடப்பக்கம் எழுத்து மேல தட்டை மாதிரி அப்பியிருக்கும். வலப்பக்கம் நம்பர் குழியில அடைஞ்சு, கருப்பு இரும்புல மஞ்சளா எடுத்துக் காட்டும், படிச்சுக்கலாம். துடைக்கக் கூடாதுன்னு உத்தரவு. ரிஜிஸ்டர்லயே இருக்கு."

மீரா சாகிப் ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினார். 2006, 2004 இரண்டும் புகழேந்தியின் கையெழுத்து. 2001, 1999 இரண்டும் ஜெக்கரியாவின் கையெழுத்து. நான்கிலும் ஒரே குறிப்பு: 'சந்தனம் துடைக்கக் கூடாது. உரிமையாளர் உத்தரவு.' 1998 பிப்ரவரித் தேர்தலுக்கு வந்தபோது வேறு மாதிரி இருந்தது: 'துடைத்து, எண்ணெய் இட்டு, உறையில் வைத்தது.' 1996-லும் அப்படியே.

"தொண்ணூத்தெட்டுக்கு அப்புறம் மனுஷனுக்குப் பக்தி கூடிப் போச்சு போல," என்றார் ஐயாவு.

"ம்," என்றார் மீரா சாகிப்.

மறுநாள் இருவரும் கீழப்பெருமங்கலம் போனார்கள். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. வாய்க்காலில் ஆடுகள் நடந்துகொண்டிருந்தன. மிராசுதார் வீட்டுக் கூடத்தில் மூன்று ஏ.சி. பெட்டிகள் இருந்தன. மூன்றும் சீமை, மூன்றும் ஓடவில்லை. நடுவில் இராஜாங்கம் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்த வீட்டுக்குள்ள உள்நாட்டுச் சாமான் ஏறினதில்ல, தெரியுமா ஓய்?" என்றார். "வாட்ச் சுவிட்சர்லாந்து. சவரக் கத்தி ஷெஃபீல்டு. பிஸ்டல் பெல்ஜியம்."

"நெல்லு?" என்று கேட்டார் ஐயாவு.

இராஜாங்கம் அவரைப் பார்த்த பார்வையில் விசிறி நின்றது.

மகன் தியாகேசன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். மிராசுதாருக்கு இருந்த சீமைப் பெருமைகளில் புதியது அவன்தான். "வாங்க வந்தவரைப் பிடிச்சது நான்தான் சார். இன்டர்நெட்டுல. சும்மா கெடக்குதேன்னு தோணிச்சு. அப்பாவுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு, அவர் வாசலுக்கு வந்தப்புறம்தான் சொன்னேன்."

"நீங்க அமெரிக்கா போயி எத்தனை வருஷம், தம்பி?"

"தொண்ணூத்தெட்டு ஆகஸ்ட்ல போனேன். அப்பா நிலத்தை வித்து அனுப்பினாங்க."

இராஜாங்கம் தொண்டையைச் செருமினார்.

அவர் மனைவி சாவித்திரி காபி கொண்டு வந்தார். பூஜை அறைக் கதவு திறந்திருந்தது. விளக்கடியில் சந்தனப் பொட்டலம் ஒன்று பிரிந்து கிடந்தது. மீரா சாகிப் அதைக் காட்டி, "நல்ல மஞ்சளா இருக்கேம்மா. வாசனைதான் இல்ல," என்றார்.

"எப்படி இருக்கும்? அது சாயப்பொடி. ரெண்டாயிரத்துல மருமக வந்தா, பொட்டலமும் வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி நான்தான் கல்லுல கட்டையை வெச்சு இழைப்பேன். அதோட விட்டுட்டேன்."

"பிஸ்டலுக்குப் பொட்டு யாரு வைப்பா?"

"அவரேதான். யாரையும் கிட்ட விட மாட்டாரு. பீரோ சாவி அவரு அரைஞாண்லதான் தொங்கும்."

திரும்பும்போது பஸ்ஸில் ஐயாவு தம் முடிவைச் சொன்னார். குற்றவாளி மகன். அமெரிக்காவில் துப்பாக்கி மலிவு என்று பத்திரிகையில் படித்திருக்கிறார். அம்மாப்பேட்டை தாண்டியதும் குற்றவாளி மருமகள் ஆனாள். தஞ்சாவூர் நெருங்கும்போது கோயம்புத்தூர்க்காரர்.

"ஐயாவு, நீங்க இன்னும் ரெண்டு ஸ்டாப்பிங் போனா என்னையே பிடிச்சுக் குடுத்துடுவீங்க," என்றார் மீரா சாகிப்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. வாசலில் ஊரார். மேசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர். எதிரே முத்திரை வைத்த உறையில் பிஸ்டல். பக்கத்தில் ஒப்புதல் கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். எல்லாருக்கும் நாற்காலி போட்டிருந்தது, புகழேந்திக்குத் தவிர. அவர் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் இருந்த ஒன்றைத் தூக்கி வந்து மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். வாசலில் யாரோ இருமினார்கள்.

"எழுந்திருடா," என்றார் இராஜாங்கம்.

"நீங்க சொல்றதை உக்காந்துதாங்க கேக்கப் போறேன்," என்றார் புகழேந்தி.

இன்ஸ்பெக்டர் ஒரு காலத்தில் மீரா சாகிப்பிடம் தொழில் கற்றவர். உறையைப் பிரிக்க அனுமதித்தார்.

"சார், இது நம்ம நாட்டு பிஸ்டல்தான். அதுல சந்தேகமில்ல," என்று தொடங்கினார் மீரா சாகிப். "இதோட சொந்த நம்பரை அரம் போட்டு எடுத்துட்டு, ஐயாவோட பெல்ஜியம் நம்பரை அடிச்சிருக்காங்க. அதுவும் உண்மை. எப்ப அடிச்சாங்கன்னு மட்டும் பார்ப்போம். வாங்க வந்தவர் இடப்பக்கத்தைத்தான் துடைச்சார். வலப்பக்கம், நம்பர் இருக்கற பக்கம், அப்படியே இருக்கு."

"இருந்தா என்ன?" என்றார் இராஜாங்கம். "இவனே மாத்திப்புட்டு மேல சந்தனத்தை அப்பியிருப்பான்."

"இருக்கலாம்." மீரா சாகிப் சட்டை மடிப்பிலிருந்து ஓர் ஊசியை எடுத்தார். முதல் எண்ணின் குழியிலிருந்து சந்தனத்தை மெல்ல நெம்பி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். மேலே எலுமிச்சைப் பழம்போல மஞ்சள். அடியில், இரும்பை ஒட்டியிருந்த பகுதி, வெளுத்த பழுப்பு. அந்த அடித்துகளை மட்டும் பிரித்து, கேட்டு வாங்கிய வெந்நீரில் ஒரு துளி விட்டு விரலால் தேய்த்தார். தாளை எடுத்துக்கொண்டு நேரே சாவித்திரியிடம் போனார்.

"மோந்து பாருங்கம்மா."

சாவித்திரி முகர்ந்தார். பிறகு கணவனைப் பார்த்தார். "இது நான் இழைச்சது," என்றார்.

"எப்ப வரைக்கும் இழைச்சீங்க?"

"தொண்ணூத்தொம்பது ஆயுத பூஜை வரைக்கும்."

"சார், சந்தனம் அடையணும்னா முதல்ல குழி இருக்கணும். ஆக, தொண்ணூத்தொம்பதுலயே இந்த நம்பர் அடிச்சாச்சு. இந்த பிஸ்டல் அப்பவே இந்த வீட்டுல பூஜைக்கு உக்காந்திருக்கு. அப்ப புகழேந்தி ஷார்ஜாவுல இருந்தார். பாஸ்போர்ட் இந்தா இருக்கு."

இராஜாங்கம் சட்டென்று திரும்பினார். "அப்ப இந்தப் பொண்ணோட அப்பன் ஜெக்கரியா. அந்தாளுதான் பண்ணியிருக்கான்."

ஷமீரா எழுந்தாள். "செத்தவர் வந்து பதில் சொல்ல மாட்டார்னு தைரியமா?"

"சொல்லியிருக்காரும்மா, உக்காரு," என்றார் மீரா சாகிப். ரிஜிஸ்டரை இன்ஸ்பெக்டர் முன் விரித்தார். "தொண்ணூத்தெட்டு பிப்ரவரியில ஜெக்கரியா ஐயாவோட பிஸ்டலைத் துடைச்சு எண்ணெய் போட்டார். ஐயா ஒண்ணும் சொல்லல. அடுத்த வருஷம் வரும்போது, துடைக்கக் கூடாதுன்னு உத்தரவு. துடைச்சா எழுத்து தெரியும். எழுத்து தெரிஞ்சா யாருக்குச் சங்கடம்? மாத்தினவருக்கு. கடைக்காரர் மாத்தியிருந்தா, துடைக்காதேன்னு கடைக்காரருக்கு ஐயா ஏன் உத்தரவு போடணும்? வருஷா வருஷம் பொட்டு வெச்சது ஐயா. கைப்பிடியில வைக்கல, குழல்ல வைக்கல. சரியா அந்த எழுத்து மேல, அதுவும் தட்டை மாதிரி. எங்க மறைக்கணும்னு தெரிஞ்ச கை அது."

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரின் பக்கங்களைத் தாமே ஒருமுறை புரட்டினார். ஐயாவு, இதை முதலிலேயே கண்டுபிடித்தவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தெட்டுல தம்பி அமெரிக்கா போகணும். சீமை பிஸ்டல் ஒண்ணுதான் கைக்கு அடக்கமான சொத்து. முறையா வித்தா லைசென்ஸ்ல ஏறும், ஊருக்குத் தெரியும். அதனால எவனோ ஒருத்தன்கிட்ட பழசைக் குடுத்து, புதுசை நம்பரோட வாங்கிக்கிட்டு, மேல பணமும் வாங்கியிருக்கார். டி.வி. கடையில எக்ஸ்சேஞ்ச் போடற மாதிரி. தம்பி ஆள் கூட்டிட்டு வராம இருந்திருந்தா இன்னும் நூறு ஆயுத பூஜை ஓடியிருக்கும். வந்தவர் துடைச்சுட்டார். மகன் முன்னால என்ன சொல்றது? கடைக்காரன் மாத்திட்டான்னு வாயில வந்துடுச்சு. அதுக்கப்புறம் அதைக் காப்பாத்த ஒரு ஆள் தேவைப்பட்டார்."

தியாகேசன் தந்தையின் முன் வந்து நின்றான். "நிலத்தை வித்தேன்னீங்களே?"

இராஜாங்கம் விசிறியைப் பார்த்தார். பதிலைச் சாவித்திரி சொன்னார். "ஒரு குழி நிலம் விக்கல. சிட்டா எல்லாம் அப்படியே பெட்டியில இருக்கு. நானும் கேக்கல, எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டிருக்கணும்."

இராஜாங்கம் எழுந்து, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். குரலில் பழைய கம்பீரத்தின் மீதி இருந்தது. "சரி. போனது போகட்டும். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

"நம்பர் அழிச்ச துப்பாக்கி வெச்சிருந்தது தனி விஷயம் ஐயா. அதுக்கு நீங்க ஸ்டேஷனுக்கு வந்துதான் ஆகணும்," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு புகழேந்தியிடம், "உங்க விஷயம் முடிஞ்சுது. வாபஸ் வாங்கிட்டார். போகலாம்."

புகழேந்தி அசையவில்லை.

"வாபஸ் வேண்டாம் சார்."

"என்னய்யா சொல்றீங்க?"

"வாபஸ்னா, குடுத்த புகார் சரிதான், பெரிய மனசு பண்ணி விட்டுட்டாருன்னு அர்த்தம். இன்னும் பத்து வருஷம் கழிச்சு டீக்கடையில அப்படித்தான் பேசுவாங்க. பொய்ப் புகார்னு எழுதித் தரணும். அவரு கையால. நான் என்ன எழுதணும்னு அவரு தட்டச்சு பண்ணி வெச்சாரே, நான் அப்படிக்கூட வெக்கல. அவரு வார்த்தையிலயே எழுதட்டும்."

"டேய், உங்கப்பன் இந்த வாசல்ல..." என்று தொடங்கினார் இராஜாங்கம்.

"அப்பா, எழுதுங்க," என்றான் தியாகேசன்.

வாசலில் நின்றவர்கள் ஒருவரும் கலையவில்லை. மீரா சாகிப் தம் பேனாவைத் திறந்து மேசைமேல் வைத்தார். இராஜாங்கம் உட்கார்ந்தார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, நெற்றியைத் துடைத்து, அரைப் பக்கம் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுத் தள்ளினார்.

புகழேந்தி அதை இருமுறை படித்தார்.

"ரெண்டாவது வரியில, 'தவறுதலாக'ன்னு ஒண்ணு இருக்கு. தவறுதலா குடுத்த புகார் இல்ல இது. அதை எடுங்க."

"அடிச்சா பேப்பர் அசிங்கமாயிடும்," என்றார் இராஜாங்கம்.

"அப்ப வேற பேப்பர்ல முதல்லேர்ந்து எழுதுங்க. எனக்கு அவசரமில்ல," என்று சொல்லி, புகழேந்தி நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.